பனியில் நின்ற கார்

சங்கரன்கோயில் வெயிலில் வளர்ந்த நமக்கு வெண்பனி ஒரு காட்சிப்பொருள். ஆயினும், நம்மவர் மணாலிக்கும் காஷ்மீருக்கும் சென்று காரில் மலையேறும் காலம் இது.

2022 ஜனவரியில் பாகிஸ்தானத்து முரீ மலையில், பனியில் சிக்கிய கார்களில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொன்றது குளிர் மட்டுமன்று. பனி சைலன்சரை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறக்கம்போல் வந்து உயிரைக் கவரும்.

ஆகவே, காரைவிட்டு அகலாதீர்கள். சைலன்சர் வாயிலுள்ள பனியை முதலில் அகற்றுங்கள். பின்னரே மணிக்குப் 10 நிமிடம் எஞ்சினை இயக்குங்கள். காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியைச் சிறிது இறக்கி வையுங்கள். ஒருவரேனும் விழித்திருங்கள்.

கதவடைத்த அறையில் கரியடுப்பு மூட்டினால் நம்மூரிலும் எழுவது இதே வாயுதான். பனி நமக்கு அயல், இப்பகை அயலன்று.