தறிக்கு வேலியிட்டனர், மொழிக்கு?

(திருப்பூரில் நிகழ்த்திய உரை)



நூலும் ஊசியும் ஓயாத இத் திருப்பூரில், கடல் பல கடந்த இசுக்காட்லாந்து நாட்டைப் பற்றிப் பேச வந்துள்ளேன். துணிநெய்து வாழும் மக்கள் தம் மொழியை எங்ஙனம் இழப்பர் என்பதை அறிய, அந்நாட்டு வரலாறு நமக்கு நல்லதோர் எச்சரிக்கையாகும்.

முதற்கண் அவர்க்கும் நமக்கும் உள்ள தொடர்பைக் கூறிவிடுகின்றேன். அந்நாட்டின் மேற்கே, வெளி எபிரிடீசுத் தீவுக்கூட்டத்தில் இலூயிசு என்னும் பகுதி உள்ளது. அங்குள்ள இசுட்டோர்னோவே என்னும் துறைமுக ஊரிற் பிறந்தவர் காலின் மெக்கன்சி. கிழக்கிந்தியக் குழுமப் படையில் சேர்ந்து 1783இல் சென்னைக்கு வந்த அவர், 1815இல் இந்தியாவின் தலைமை நில அளவரானார், 1821இல் மறைந்தார். தென்னாட்டு ஊர்களுக்கெல்லாம் ஆள் விடுத்து ஏடுகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டினார். நம் கொங்குநாட்டை ஆண்ட அரசர்களைப் பற்றிய 'கொங்குதேச இராசாக்கள்' என்னும் உரைநடைச் சுவடி, அத் திரட்டின் வழியே நமக்குக் கிடைத்ததாகும். கிளாசுகோ நகரில் வளர்ந்து அங்கேயே பயின்ற கால்டுவெல், 1856இல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, வடமொழித் துணையின்றித் தமிழ் தனித்தியங்க வல்லது என்று உலகிற்கு எடுத்துரைத்தார்.

நம் மொழிக்கும் வரலாற்றுக்கும் இத்துணைத் தொண்டாற்றியோரை ஈந்த நாடு, தன் மலைநாட்டிலும் தீவுகளிலும் வழங்கிய கேலிய மொழியை எவ்வாறு நடத்தியது?

எல்லாப் பழியையும் ஆங்கிலேயர்மேற் சுமத்திவிட்டு அமைதல் இயலாது. இசுக்காட்லாந்து இங்கிலாந்துடன் இணைந்தது 1707இல். அதற்கு முன்னரே, 1616இல், அந்நாட்டு அரசவையே ஊர்தோறும் ஆங்கிலப் பள்ளி நிறுவவும் கேலியத்தை ஒழிக்கவும் ஆணை பிறப்பித்தது! 1746இல் கல்லோடன் போரில் மலைநாட்டார் தோற்றபின், அவர்தம் மரபுடையை ஆடவர் உடுத்துவதே குற்றமாயிற்று. 1782 வரை அச் சட்டம் நின்றது. பின்னர் ஆட்டு மந்தைகளுக்காகக் குடிகள் நிலத்தினின்று வெளியேற்றப்பட்டனர். 1872ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கேலியத்திற்கு ஓரிடமும் அளிக்கவில்லை. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் ஒறுக்கப்பட்டனர். ஒறுக்கப்பட்ட பிள்ளைகள் பெற்றோரானபோது, தாம் பட்ட துன்பம் தம் மக்கட்கு வேண்டா என்றெண்ணி, வீட்டிலும் ஆங்கிலமே பேசினர். அங்கேதான் மொழியின் வேர் அறுந்தது.

இனி, நெசவுக்கு வருவோம். அதே தீவுகளில் நெய்யப்படுவது 'ஆரிசு துவீடு' என்னும் கம்பளித் துணி. போலித் துணிகள் பெருகியதால், 1910இல் அதற்கெனத் தனி வணிகக் குறியைப் பதிந்தனர். 1993இல் நாடாளுமன்றச் சட்டமே வந்தது. அத்தீவுகளிலேயே சாயமேற்றி நூற்ற தூய கம்பளியைத் தீவுமக்கள் தம் இல்லத்திலேயே கைத்தறியில் நெய்து, அங்கேயே முடித்த துணிக்கு மட்டுமே அப்பெயர் உரியது என்று அச்சட்டம் வரையறுத்தது. தறிக்கு எத்துணை உறுதியான வேலி!

மொழிக்கோ, 2005இல்தான் கேலியச் சட்டம் வந்தது. 1997 வாக்கெடுப்பின் பயனாய் 1999இல் அமைந்த அவர்தம் நாடாளுமன்றமே அதனை இயற்றியது. 2014இல் தனிநாட்டு வாக்கெடுப்பில் 45 விழுக்காட்டினரே ஒப்பினர். எனினும் மொழிப்பணி நிற்கவில்லை. 2025இல் கேலியத்திற்கு அலுவல் நிலை வழங்கும் சட்டமும் நிறைவேறியது. ஆயினும் என்? 1891இல் இரண்டரை நூறாயிரம் பேர் பேசிய மொழி, 2011இல் 57,000 பேரளவிற் சுருங்கிவிட்டது. 2022இல் நாட்டளவில் எண்ணிக்கை சற்றே கூடிற்று; ஆனால், அம்மொழியின் கோட்டையான அத் தீவுகளிலோ, பேசுவோர் பாதிக்கும் கீழே போயினர். பள்ளியிற் கற்றோர் பெருகினர். அடுப்பங்கரையிற் பேசுவோர் அருகினர்.

தமிழர்களே! எட்டுக்கோடி மக்கள் பேசும் நம் மொழிக்கு அந்நிலை வாராதென்று இறுமாந்திருத்தல் தகாது. மொழி எண்ணிக்கையால் மட்டும் வாழ்வதன்று, புழங்குவதால் வாழ்வது. இவ்வூர்ப் பின்னலாடைத் தொழிலிலே 'கைமடி' என்கின்றோம்; 'பிசிறு வெட்டுதல்' என்கின்றோம்; 'சாயப்பட்டறை' என்கின்றோம். இவை உழைப்பவர் வாயிற் பிறந்த உயிருள்ள தமிழ். தைத்த ஆடையைச் சரிபார்ப்பதும் தேய்ப்பதும் கட்டுவதும் மட்டும் 'செக்கிங்', 'அயர்னிங்', 'பேக்கிங்' ஆனதேன்? கைமடி என்று சொல்லத் தெரிந்த வாய்க்குச் சரிபார்ப்பு என்று சொல்ல இயலாதா?

வடபுலத்தினின்று வயிறு பிழைக்க வந்த தொழிலாளியால் தமிழ் அழியும் என்று சிலர் அஞ்சுகின்றனர். கேலியத்தை வீழ்த்தியவர் கூலிக்கு வந்தவர் அல்லர். ஆட்சியும் பள்ளியும், இறுதியில் பெற்றோரின் வாய்மூடலுமே. வந்தவர்க்குத் தமிழ் கற்பியுங்கள். தமிழ் ஓர் ஆளைக் கூடுதலாகப் பெறும். நம் பிள்ளையைத் தமிழில் பேசாதே என்று தடுப்பின், ஒரு தலைமுறையையே இழக்கும்.

ஆகவே, தொழிலகம் நடத்துவோரே, உங்கள் பதிவேட்டையும் கூலிச்சீட்டையும் தமிழில் எழுதுங்கள். தாய்மாரே, தந்தைமாரே, பிள்ளையோடு இல்லத்தில் நல்ல தமிழிலேயே பேசுங்கள். இதற்கு அரசாணை வேண்டா, பொருட்செலவும் இல்லை. பழுதுபட்ட தறியைப் பணத்தாற் சீராக்கலாம். மழலை வாயினின்று விலகிய மொழியை மீட்கச் சட்டங்கள் இயற்றியும் அத் தீவுமக்கள் இன்றும் திணறுகின்றனர்.

வாழ்க தமிழ்!