கையோடு கை சேர்த்த கல்வெட்டு



பண்பாடு என்றவுடன் ஒற்றுமையே நினைவுக்கு வருகிறது. ஆயினும் ஒரு குடியை ஒன்றுசேர்க்கும் வழக்கமே பிற குடிகளினின்று அதனைப் பிரித்தும் காட்டுகிறது. கதிரவன் மறையுமுன் உண்ணும் நெறி சமண இல்லங்களை ஓர் உறவாகக் கட்டிக் காக்கிறது. அதே நெறி, அண்டை வீட்டாரின் இரவு விருந்துப் பந்தியினின்று அவர்களை விலக்கியும் வைக்கிறது. வேலி ஒன்றே, உள்ளிருப்போர்க்குக் காவல், வெளியிருப்போர்க்குத் தடை. வேலியைப் பிடுங்கி எறிந்தால் குடி நிலைக்காது. வாயில் இன்றி அடைத்துவிட்டாலோ குடி தனித்துப் போகும். அவ்வாயிலை அமைப்பது எவ்வாறு என்பதே வினா.

இதற்கு விடை கூறும் கல்வெட்டு ஒன்று சிரவணபெளகொளாவில், பண்டாரி பசதியில் உள்ளது. அதன் ஆண்டு 1368. விசயநகர மன்னன் முதலாம் புக்கன் காலத்தில் சமணர்க்கும் வைணவர்க்கும் பூசல் மூண்டது. சமணரைப் ‘பவ்யர்’ என்றும் வைணவரைப் ‘பக்தர்’ என்றும் கல்வெட்டுக் குறிக்கிறது. பக்தர்கள் அநீதி இழைத்தனர் என்று பவ்யர்கள் மன்னனிடம் முறையிட்டனர். ஐவகைப் பெருவாத்தியங்களும் கலசமும் சமணர்க்கு உரியனவா என்பதும் அவ்வழக்கில் அடங்கியிருந்தது. முழவும் கலசமும் பார்வைக்குச் சிறியன. ஆனால் ஒரு குடியின் மதிப்பு அவற்றில் தங்கியிருந்தமையால் வழக்கு அரசவை வரை சென்றது.

மன்னன் திருவரங்கம், திருமலை, காஞ்சிபுரம், மேல்கோட்டை ஆகிய தலங்களின் ஆசாரியர்களையும் பிற பெரியோரையும் அவைக்கு அழைத்தான். வைணவ தரிசனத்திற்கும் சமண தரிசனத்திற்கும் வேறுபாடில்லை என அறிவித்தான். சமணர் கையைப் பற்றி வைணவர் கையில் வைத்தான். வாத்தியங்களும் கலசமும் முன்போலவே சமணர்க்கு உரியன என்று தீர்ப்பாயிற்று. சமணர்க்கு நேரும் கேட்டையும் ஆக்கத்தையும் தமக்கு நேர்ந்தனவாகவே வைணவர் கருத வேண்டும் என்பதும் ஆணையாயிற்று.

ஆணை அறிவுரையோடு நின்றுவிடவில்லை என்பதே கருதத்தக்கது. சமணர் வீடுதோறும் ஆண்டுக்கு ஒரு பணம் திரட்டி, அதனைக் கொண்டு பெளகொளாத் திருமேனிக்கு இருபது காவலரை அமர்த்தும் பொறுப்பு, திருமலைத் தாத்தையா என்னும் வைணவப் பெரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. எஞ்சிய தொகை சிதைந்த ஜினாலயங்களுக்குச் சுண்ணம் பூசப் பயன்பட வேண்டும். கல்வெட்டின் தொடக்கமோ இராமாநுசரைப் போற்றுவது. சமணத் தலத்தில், சமணரைக் காக்கும் சாசனம், வைணவ ஆசாரியரின் வாழ்த்தோடு தொடங்குகிறது.

இவ்வேற்பாட்டில் குறை இல்லாமலில்லை. பணம் கொடுத்தவர் எண்ணிக்கையிற் சிறியவர்; காவல் ஏற்றவர் வலியவர். எனினும் ஓர் உண்மை இதனால் விளங்குகிறது. இரு குடியினரும் ஒரே வழிபாட்டிற்கு மாறவில்லை. ஒரே பந்தியில் அமரவும் இல்லை. ஒருவர் பொருளை மற்றவர் காக்கும் கடமை மட்டுமே புதிதாக வந்தது. ஒத்த வழக்கத்தால் மட்டுமன்றி, பகிர்ந்துகொண்ட கடமையாலும் ஒற்றுமை பிறக்கும்.

அரசாணையின்றியும் இது நிகழ்ந்தது. சைவச் சூழலிற் கல்வி கற்ற உ.வே.சாமிநாதையர், சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கற்கத் தொடங்கியபோது, அதிலுள்ள சமணக் கோட்பாடுகள் அவர்க்கு விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று ஐயம் கேட்டுத் தெளிந்தார். வந்தவரின் சமயம் வேறு என்று அவர்கள் கதவை அடைக்கவில்லை. தமது சமயம் வேறு என்று அவரும் தயங்கி நிற்கவில்லை. 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. அறிவைக் காக்கும் கடமையை அங்கு இரு திறத்தாரும் பகிர்ந்துகொண்டனர்.

இன்று வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களினின்று சமணக் குடும்பங்கள் பல கல்விக்கும் பணிக்கும் நகரங்களை நாடிச் சென்றுவிட்டன. ஊரில் ஜினாலயம் நிற்கிறது. விளக்கேற்ற ஓரிரு முதியோரே உள்ளனர். அம்முதியோர்க்கு நோய் வந்தால் முதலில் ஓடி வருபவர் வேற்றுச் சமயத்து அண்டை வீட்டாரே. ஆண்டுக்கொரு முறை திருவிழாவிற்கு ஊர் செல்லும் இளையோர், ஆலயத்தை வலம் வந்ததும் வண்டியேறிவிடுகின்றனர். அண்டை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நலம் கேட்பவர் எத்தனை பேர்? அவ்வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கு உதவியவர் எத்தனை பேர்?

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என நால்வகைத் தானத்தைச் சமண அறம் வகுத்தது. அவற்றைப் பெறுவோர் இன்ன குடியினராக இருத்தல் வேண்டும் என்று அவ்வறம் வரையறை செய்யவில்லை. ஆகவே இரவுண்ணா நோன்பைக் கைவிட வேண்டியதில்லை. பகற்பந்திக்கு அண்டை வீட்டாரை அழைத்தால் போதும். ஆலயத் திருப்பணிக்குத் திரட்டும் பொருளில் ஒரு பங்கு அவ்வூர்ப் பள்ளிக்கும் செல்லட்டும். மன்னிப்பு வேண்டும் நாளில், உறவினர் இல்லங்களுக்குச் செல்லும் கால்கள் அடுத்த தெருவிற்கும் செல்லட்டும்.

அன்று கையோடு கை சேர்க்க ஒரு மன்னன் வேண்டியிருந்தது. இன்று அதற்கு மன்னன் வேண்டியதில்லை. ஊருக்குச் செல்லும் ஒவ்வொரு குடும்பமும் கை நீட்டினால் அமையும்.