அந்தப் பத்து விநாடி

கிரிக்கெட் அணித் தேர்வு என்றாலே இப்போது ‘யோ-யோ டெஸ்ட்’ என்ற பேச்சும் கூடவே வருகிறது. இந்த உடற்தகுதிச் சோதனையை உருவாக்கியவர் டென்மார்க் நாட்டு உடலியல் அறிஞர் யென்ஸ் பாங்ஸ்போ. அவரே கால்பந்து ஆடியவர்.

20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். பீப் ஒலிக்குள் ஓடிப்போய்த் திரும்பி வரவேண்டும். பிறகு 10 விநாடி ஓய்வு. படிப்படியாக வேகம் ஏறும். இரண்டு முறை பின்தங்கினால் சோதனை முடிந்தது.

ஏன் அந்த 10 விநாடி? ஆட்டத்தில் யாரும் ஒரே சீராக ஓடுவதில்லை. ஓட்டம், சிறு இடைவெளி, மறுபடி ஓட்டம். அந்த இடைவெளியில் உடல் எவ்வளவு மீள்கிறது என்பதைத்தான் இந்தச் சோதனை காட்டுகிறது.

இந்தச் சோதனையில் கிடைக்கும் எண்ணை, வீரர்களைக் கழித்துக்கட்டும் சல்லடையாக மட்டும் பார்ப்பது எனக்கு வருத்தம் தருகிறது. நல்ல விளையாட்டு விஞ்ஞானி, அதை அதே வீரருடைய பழைய எண்ணோடு ஒப்பிடுவார். குறைந்திருந்தால் காய்ச்சலா, தூக்கம் போதவில்லையா, பயிற்சி மிதமிஞ்சிவிட்டதா என்று விசாரிப்பார். தொடைத் தசைக் காயத்திலிருந்து மீள்பவருக்கோ, அடிபடுவதற்கு முன் எடுத்த அளவுதான் இலக்கு. நன்றாக இருக்கும்போதே சோதித்துக் குறித்து வைப்பது இதற்காகத்தான்.