குடலழற்சியும் சோற்றுக் கணக்கும்



மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாகக் கைமாறிய கொச்சி மட்டாஞ்சேரியில் குடலைப் பற்றிக் கருத்தரங்கா என்று சிலர் கேட்டார்கள். கொங்கணி, குஜராத்தி, கச்சி மேமன், தமிழ், மலையாளம் என்று கூப்பிடு தூரத்துக்குள் இத்தனை அடுப்படிகள் எரியும் ஊர் இது. ஒரே தண்ணீர், ஒரே காற்று, வேறு வேறு சாப்பாடு. குடல் நுண்ணுயிர்களை ஆராய இதைவிடத் தோதான இடம் எது?

நம் பக்கத்து ஆய்வு ஒன்றை முதலில் நினைவூட்ட வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகள் 48 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான உப்புச் சர்க்கரைக் கரைசல். அடுத்ததற்கு அதில் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு. மூன்றாவதற்கு அதே அளவு, சிறுகுடலில் எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்து. வழக்கமான கரைசல் குடித்தவர்களைவிட இந்த மூன்றாம் பிரிவினருக்குப் பேதி சீக்கிரம் நின்றது. 2000-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் அதை வெளியிட்டது. செரிக்காத மாவு பெருங்குடலுக்கு இறங்குகிறது; அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன; அவை உப்பை உறிஞ்சவைக்க, உப்போடு தண்ணீரும் உடம்புக்குள் திரும்புகிறது. நோயாளிக்கு மருந்து செய்து கொடுத்தது அவர் குடலில் இருந்த கிருமியேதான்!

அந்த அமிலங்களில் ஒன்று பியூட்டிரேட். பெருங்குடல் சுவர்ச் செல்களுக்கு அதுதான் முதன்மை ஆகாரம். அழற்சியை அடக்கும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களை அது பெருக்குகிறது என்று 2013-இல் எலிகளில் காட்டினார்கள். எலிக்குப் பொருந்துவது எல்லாம் நமக்கும் பொருந்திவிடாது. ஆனாலும் வேலூர் காட்டிய திசையில்தான் அதுவும் போகிறது.

ஆறவைத்த சோற்றிலும் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காததாக மாறுகிறது. அவ்வளவுதான் உறுதி. பழைய சோறு குடல்புண்ணை ஆற்றும் என்று கைப்பேசியில் சுற்றும் செய்திகளை நான் நம்புவதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் அதை முறைப்படி ஆய்வுக்கு எடுத்தது நல்ல காரியம். தீர்ப்பு அத்தகைய ஆய்விலிருந்துதான் வரவேண்டும்.

குடலழற்சி மேல்நாட்டு நோய் என்ற பேச்சும் இனி எடுபடாது. பஞ்சாபில் எடுத்த கணக்கில் லட்சம் பேரில் 44 பேருக்குக் குடலழற்சியின் ஒரு வகையான பெருங்குடல் புண் இருந்ததாக 2003-இல் வெளிவந்தது.

என் மனக்குறை ஒன்றுதான். மலமாதிரியை மைனஸ் 80 டிகிரியில் பத்திரப்படுத்துகிறோம். மரபணு வரிசையைக் கோடிக்கணக்கில் படிக்கிறோம். சாப்பாட்டு விவரத்துக்கு மட்டும் சைவமா அசைவமா என்று ஒரே கட்டம். புழுங்கலா பச்சரிசியா, சூடாகவா ஆறியதா, தேங்காய் எண்ணெயா நல்லெண்ணெயா, போன மாதம் ஆன்டிபயாடிக் எடுத்தாரா என்று யாரும் கேட்பதில்லை. அது தெரியாமல் கிருமிப் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்று கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரும் தம் நோயாளிகள் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் அவைக்குச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.