வேதமலைப் படிகள்



மன அமைதியைப் பற்றிப் பேசவேண்டும் என்பது விழாக் குழுவினரின் விருப்பம். அதற்கு நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே நிற்கிறது திருக்கழுக்குன்றத்து வேதமலை. வேதகிரீசுவரர் சந்நிதிக்கு 565 படிகள் என்று சொல்லுவர். படிக்கு ஓர் எழுத்தாகத் திருவைந்தெழுத்தை ஓதிக்கொண்டு ஏறினால், நூற்றுப் பதின்மூன்று முறை நிறைவுறும். மிச்சம் விழாத கணக்கு! ஆனால் நாம் எப்படி ஏறுகிறோம்? கால் படியில் இருக்கிறது. மனமோ கீழே கழற்றிவிட்ட செருப்பில் இருக்கிறது.

மூச்சு வாங்கினால் நிற்கலாம், அதில் வெட்கமில்லை. நின்ற இடத்தில் ஊர்வம்பு பேசாமல் சங்கு தீர்த்தத்தையும் தாழக்கோயில் கோபுரங்களையும் பார்த்துவிட்டு ஏறுங்கள். அவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒரு படி என்னும் பழக்கம் கைவந்தவருக்கு, உண்ணும்போது உணவும், கேட்கும்போது எதிரில் இருப்பவர் சொல்லும் தாமே விளங்கும்.

இத்தலத்துப் பரத்துவாசர் கதை நீங்கள் அறிந்ததே. வேதம் முழுவதையும் ஓதி முடிக்க நீண்ட ஆயுள் வேண்டினார் முனிவர். பெருமான் வேதங்களை மலைகளாகக் காட்டி, ஒரு பிடி மண்ணை அள்ளி, 'நீ இதுவரை ஓதியது இவ்வளவே' என்றார். முனிவர் அந்தப் பிடியோடு அமைந்தார். நம்மில் பலருக்கு அமைதி கெடுவது குறைவாக இருப்பதால் அன்று. மலை முழுவதும் வேண்டும் என்பதால்.

இனி, கழுகுகள். நண்பகலில் இரண்டு பறவைகள் வந்து, அர்ச்சகர் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கல் உண்டு செல்லும். அதைக் காணவே கூட்டம் மலையேறியது. 1990களில் அவை வருவது நின்றது. இந்தியா முழுவதும் பாறு இனங்கள் அருகிய காலம் அது. மாடுகளுக்குச் செலுத்திய டைக்ளோபீனாக் என்னும் வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டை உண்ட பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006இல்தான் கால்நடைகளுக்கு அம்மருந்து தடுக்கப்பட்டது. கவனமின்றிச் செய்யும் காரியம் எங்கே போய் முடிகிறது, பாருங்கள்.

'கழுகு வராத மலைக்கு எதற்கு ஏறுவது?' என்று கேட்பவர் உண்டு. பெருமான் அங்கேதானே இருக்கிறார்! வேடிக்கை நின்றபிறகு ஏறுகிறவன்தான் வழிபாட்டுக்காக ஏறுகிறான்.

இறங்கும் வழியில் ஒருகல் மண்டபம். பல்லவர் குடைந்த அக்குகையில், 17ஆம் நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர் தம் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயினர். நம்மவர் மட்டும் என்ன, ஆணி எடுத்துவராமலா இருக்கிறார்கள்?

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், பெரிய யானையின் காலடியில் ஒரு பூனை, முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். கண்ணை மூடுவது மட்டும் அமைதியாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? பூசை அறையில் அரைமணி நேரம் அமர்ந்து, வெளியே வந்ததும் வீட்டாரைச் சீறுகிறவரைக் கண்டால் நமக்கு அப்பூனை நினைவு வரும்.

அன்பர் ஒருவர் மனைவியை இழந்தார். நாற்பது ஆண்டுகள் அந்த அம்மையார் அந்தியில் விளக்கேற்றிய வீடு இருண்டு கிடந்தது. 'யாருக்காக ஏற்றுவது, ஐயா? மனம் ஒருநிலையில் இல்லை' என்றார். மனம் ஒருநிலைப்படட்டும், பிறகு ஏற்றலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வாராது. 'மனத்தை விடுங்கள், நாளை மாலை திரி திரித்து, எண்ணெய் வார்த்து, ஏற்றுங்கள், திருநீறு அணிந்து, சுடர் நிலைக்கும் வரை அருகில் இருங்கள், வேறொன்றும் வேண்டாம்' என்றோம். முதல் நாள் கை நடுங்கி எண்ணெய் சிந்திற்றாம். சில மாதங்கள் கழித்து வந்தார். 'அமைதி வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, ஐயா. ஆனால் மாலை ஆனால் வீட்டுக்குப் போகவேண்டும் என்று தோன்றுகிறது' என்றார். நாம் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

அதோ, நாகசுரம் தொடங்கிவிட்டது. சுவாமி புறப்பாட்டுக்கு எழுவோம். முன்வரிசையில் முதியோருக்கு வழிவிடுங்கள்.