நீரடிமுத்து எண்ணெய்: வளையம் தாங்கிய அமிலங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக் கரைகளில் வளரும் நீரடிமுத்து மரத்தை மலையாளிகள் மரோட்டி என்பர். காய் உருண்டையானது, கெட்டியான ஓட்டுக்குள் சதையும் அதில் நெருங்கிப் புதைந்த கோணல்மாணலான விதைகளும் இருக்கும். பருப்பை ஆட்டினால் மஞ்சள் நிற எண்ணெய் வரும். குளிர்ந்தால் நெய்ப்பதமாக உறையும். கேரளத்தில் அது விளக்கெரித்தது. சித்த மருத்துவம் பெருநோய் எனப்படும் தொழுநோய்க்கும் படை, கரப்பானுக்கும் அதைக் கொடுத்தது. சேங்கொட்டை சேர்ந்த நீரடிமுத்து வல்லாதி மெழுகு இன்றும் வழக்கில் உள்ளது. தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியான தமிழ் மறவனின் புழுக்களுக்கு இம்மரத்தின் இலையே உணவு.

தேங்காய், இலுப்பை எண்ணெய்களின் கொழுப்பு அமிலங்கள் நீண்ட கரிச் சங்கிலிகள். நீரடிமுத்தின் அமிலங்களிலோ சங்கிலியின் நுனியில் ஐந்து கரியணுக்கள் கொண்ட வளையம் ஒன்று நிற்கிறது. அதில் ஓர் இரட்டைப் பிணைப்பு. லண்டனில் பிரெடரிக் பவரும் அவர் உடன்பணியாளர்களும் 1904இல் 18 கரியணுக்கள் உள்ள சால்மூக்ரிக் அமிலத்தையும், அடுத்த ஆண்டு 16 கரியணுக்கள் உள்ள ஹிட்னோகார்பிக் அமிலத்தையும் பிரித்தெடுத்தனர். முடிந்த சங்கிலியை மரம் வளைத்து வளையமாக்குவதில்லை. வளையமுள்ள ஓர் அமினோ அமிலத்தில் தொடங்கி, இரண்டிரண்டு கரியணுக்களாக நீட்டுகிறது. வளையம் சங்கிலியைத் தொடும் கரியணு சமச்சீரற்றது. ஆகவே இவ்வெண்ணெய் முனைவுற்ற ஒளியை வலப்புறம் திருப்பும். சாதாரணத் தாவர எண்ணெய்களில் இந்தத் திருப்பம் இல்லையென்றே சொல்லலாம். கலப்படத்தைப் பிடிக்க இதைவிட நல்ல சோதனை வாய்ப்பது அரிது.

மரத்தை அடையாளம் காண்பதில் நேர்ந்த குழப்பம் நெடுங்காலம் நீடித்தது. கல்கத்தாவில் பிரெடரிக் மவுவாட் 1854இல் தொழுநோய்க்குச் சால்மூக்ரா என்னும் விதையின் எண்ணெயைப் பரிந்துரைத்தபின், அந்த விதை கைனோகார்டியா மரத்தினது என்றே ஏறக்குறைய அரை நூற்றாண்டு நம்பப்பட்டது. 1900ஐ ஒட்டித்தான், அது நீரடிமுத்தின் இனமான ஒரு பர்மிய, அசாமிய மரத்தின் விதை எனத் தெளிந்தது. கைனோகார்டியா எண்ணெயில் வளைய அமிலங்கள் இல்லை. அம்மரமும் அதே வளைய அமினோ அமிலத்தை ஆக்குகிறது. ஆனால் அதைச் சயனைடு விடுக்கும் கைனோகார்டினாக மாற்றுகிறது.

எண்ணெயை உடலுக்குள் செலுத்துவது அடுத்த இடர்ப்பாடு. குடித்தால் குமட்டி வாந்தி வரும். ஊசியாகப் போட்டால் பிசுபிசுப்பால் தோலடியில் தங்கிக் கட்டி எழும். ஹவாய்க் கல்லூரியின் இளம் வேதியியலர் ஆலிஸ் பால், அமிலங்களைக் கூறுகூறாகப் பிரித்து எத்தில் எஸ்டர்களாக்கி, உடல் ஏற்கும் ஊசிமருந்தைத் தந்தார். 1916இல் 24ஆம் வயதில் அவர் இறந்தார். கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன் அப்பணியைத் தம்முடையதாக வெளியிட்டது பெரும் அநீதி. மருத்துவர் ஹாரி ஹால்மன் 1922இல் அதைப் பாலின் முறை என எழுதிவைத்ததால் உண்மை பிழைத்தது.

தொடக்க நிலை நோயாளர் பலருக்குப் படைகள் மங்கின. நோய் திரும்பியவர்களும் உண்டு. 1970களில் எலியின் பாதத்தில் செய்த சோதனைகள் இவ்விரு அமிலங்களும் தொழுநோய்க் கிருமியின் பெருக்கத்தைத் தடுப்பதைக் காட்டின. பாட்டி வைத்தியம் என ஒதுக்க முடியாத சான்று இது. ஆனால் அதற்கு முன்பே, 1940களில், சல்போன் மருந்துகள் வந்துவிட்டன. மாத்திரையாக விழுங்கத்தக்க, மலிவான டாப்சோன், வலிமிகுந்த இந்த ஊசியின் இடத்தைப் பிடித்தது.