உல்லம் மீனா, இறாலா?

(நமது குடியிருப்பில் நடந்த குடியரசு தின விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் பிள்ளைகளின் கால்பந்துப் போட்டியை நிறுத்திவிடலாமா என்று அடுத்த பொதுக்குழுவில் கேட்கப்போகிறார்கள். காரணம் உங்களுக்கே தெரியும். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே பந்து போனதா, வெளியே போனதா என்று ஆரம்பித்தது. பிள்ளைகள் மறுநாளே சேர்ந்துகொண்டார்கள். அப்பாக்கள் இன்றுவரை ஒரே லிஃப்டில் ஏறுவதில்லை.

வங்கி வேலையில் மாற்றலாகி நான் சில வருஷம் கொல்கத்தாவில் இருந்தேன். அந்த ஊரில் புது ஆளைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "நீங்கள் மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?" 1889-இல் தொடங்கியது மோகன் பகான், 1911-இல் வெறுங்காலோடு ஆடி, வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வாங்கிய கிளப். ஈஸ்ட் பெங்கால் 1920-இல் வந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு அதுதான் சொந்த ஊர் மாதிரி. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டில் உல்லம் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால். மீன்கடைக்காரருக்கு எது ஜெயித்தாலும் லாபம்தான்!

1997 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பகான் ரசிகரான அலுவலக நண்பர் ஒருவர் என்னையும் சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு இழுத்துப் போனார். அன்று வந்த கூட்டம் 1,31,781 பேர். சித்திரைத் திருவிழாவில் ஆற்றுக்குள் நின்று பழகிய எனக்கே மூச்சு முட்டியது.

மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா, 'டைமண்ட்' வியூகம் என்று சொல்லி எல்லாரையும் துவைத்துக்கொண்டிருந்த சமயம் அது. போதாததற்கு எதிரணி ஆட்டக்காரர்களைப் பெயரைத் திரித்துக் கேலி செய்திருந்தார். எதிரணிப் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி அந்தக் கேலியையே தன் பையன்களுக்கு மருந்தாகக் கொடுத்தார் என்பார்கள். ஈஸ்ட் பெங்கால் 4, மோகன் பகான் 1. மூன்று கோல் அடித்தவர் சிக்கிமிலிருந்து வந்த பாய்ச்சுங் பூட்டியா. அப்போது வயது 20. (இறுதிப் போட்டியில் ஈஸ்ட் பெங்கால் சல்கோகரிடம் தோற்றது. அதை யாரும் பேசுவதில்லை.)

நண்பர் வீடு வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் மதியம், ஈஸ்ட் பெங்கால் ரசிகரான பக்கத்து மேஜைக்காரர் தூக்குவாளியில் உல்லம் மீன் குழம்பு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். கடுப்போடு பார்த்தார், பிறகு முழுதும் சாப்பிட்டார். உப்பு கூடிப்போச்சு என்று குறையும் சொன்னார்.

எல்லாம் இப்படிக் குழம்போடு முடிந்ததில்லை. 1980 ஆகஸ்ட் 16-இல் ஈடன் கார்டனில் இதே இரண்டு கிளப் மோதியபோது ரசிகர்களுக்குள் அடிதடி, நெரிசல். 16 பேர் செத்தார்கள். ஆட்டம் பார்க்கப் போனவர்கள் அவர்கள். அதற்காகக் கொல்கத்தா இந்தப் போட்டியை நிறுத்தவில்லை. வருஷா வருஷம் அதே தேதியில் ரத்ததானம் செய்கிறார்கள்.

2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் கொல்லப்பட்டு ஊரே கொந்தளித்தபோது, பாதுகாப்புக் காரணம் சொல்லி இவர்களின் டூரண்ட் கோப்பை ஆட்டத்தை ரத்து செய்தார்கள். இரண்டு கிளப் ரசிகர்களும் ஸ்டேடியம் வாசலில் ஒன்றாக நின்று நியாயம் கேட்டார்கள். மழையில் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக் கொடி பிடித்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நம் பிள்ளைகளுக்கு வேறு இடமும் இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது வண்டியூர் தெப்பக்குளம் வறண்டு கிடக்கும், உள்ளே இறங்கி விளையாடுவோம். இப்போது தண்ணீர் நிற்கிறது, படகு ஓடுகிறது, சந்தோஷம்தான். மிச்சமிருப்பது ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் உள்ள அந்தத் துண்டு நிலம் மட்டும்.

ஆகவே பொதுக்குழுவில் போட்டி வேண்டும் என்று கை தூக்குங்கள். நாற்காலிக்குப் பதில் கம்பம் நடுவோம். நானே பணம் தருகிறேன். ரெஃப்ரி வெளியாளாக இருக்கட்டும். அப்பாக்கள் கோட்டுக்கு வெளியே, பிளாக் கலந்து உட்காரட்டும். குழம்பு யார் வைப்பது என்பதை ஆட்டம் முடிந்ததும் பேசிக்கொள்வோம்.